காருக்கும் பல்லைப் பாரு மாப்ளே

ஏன் மாப்ளே, செவப்பு ஸ்பிட்ஃபயர் வாங்கப் போறியாமே? ரெண்டு பேரு மட்டும் ஒக்கார்ற காரு. பொண்டாட்டி, ரெண்டு புள்ளைங்க, மாமியா, சந்தைக்குப் போற சாமை மூட்டைன்னு இருக்கிற ஆளுக்குப் பொருத்தமான வண்டிதான். வத்தல்மலை கொண்டை ஊசி வளைவுல அதை வேகமா ஒடிச்சுப் பாரு, பின்சக்கரம் உள்ள மடங்கிக்கிட்டு குண்டி தூக்கும். பழைய ஸ்விங் ஆக்சில் கொணம் அது. சரி, ஆசைப்பட்டுட்டே.

"எல்லாம் ஒரிஜினல், கம்பெனில எறக்குன மாதிரியே இருக்குது"ன்னு புரோக்கர் சொன்னானாமே. அவன் வாய்க்கு சர்க்கரை போடு. ஆனா மாடு பிடிக்கப் போனா, தரகன் பேச்சுக்குத் தலையாட்டிக்கிட்டே வாயைப் பொளந்து பல்லு பாப்பே, சுழி பாப்பே. காருக்கு மட்டும் பெயிண்ட்ல உன் மூஞ்சி தெரிஞ்சா அட்வான்ஸ் குடுத்துருவியோ?

நான் மெட்ராஸ் ஒர்க்‌ஷாப்புல ஸ்பேனர் எடுத்துக் குடுத்தவன், கேட்டுக்க. 1961-ல இருந்து ஸ்டாண்டர்டு கம்பெனி அங்க ஹெரால்டு காரு கட்டுச்சு. இங்கிலாந்துல ட்ரையம்ஃப் கம்பெனி அந்த ஹெரால்டு சேசிஸையே குட்டையாக்கி 1962-ல ஸ்பிட்ஃபயர் எறக்குனான். ரெண்டையும் வரைஞ்சவரு இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி. இதுல என்ன வசதின்னா, ஹெரால்டு கூரை வெறும் போல்ட்டுலதான் நிக்குது. கழட்டிப் போட்டு, பின்சீட்டைப் பிடுங்கி, செவப்பு அடிச்சா ஏமாறுறவனுக்கு அதுவும் ஸ்போர்ட்ஸ் காருதான். அதனால மொதல்ல டேப்பை எடு. முன்சக்கர நடுவுல இருந்து பின்சக்கர நடு வரைக்கும் ஸ்பிட்ஃபயருக்கு 83 அங்குலம். தொண்ணூத்தி ஒண்ணரை வந்தா அது ஹெரால்டு. கும்புடு போட்டுட்டு வந்துரு.

அளவு சரியா இருந்தா பானட்டைத் தூக்கச் சொல்லு. மூக்கோட முழுசா முன்னால கவுரும். இடது பக்கம் பல்க்ஹெட்ல கமிஷன் நம்பர், அதாவது கம்பெனி குடுத்த வண்டி நம்பர், தகடு இருக்கும். மொத மாடலுக்கு எஃப்.சி.ன்னு ஆரம்பிக்கும், ஆர்.டி.ஓ. ஆபீஸ் எஃப்.சி.ன்னு நெனச்சு புரோக்கர்கிட்ட தேதி கேட்டு மானத்தை வாங்காத. தகட்டு எழுத்து தேஞ்சு போயி, ரிவெட்டு மட்டும் புதுக் காசாட்டம் மின்னுனா யாரோ ராத்திரி வேலை பாத்திருக்கான். எஞ்சின் நம்பரு பிளாக்குல இடது பக்கம். துணியால தொடச்சு, வெரலால தடவிப் பாரு. கிரைண்டர் போட்ட எடம் வழவழன்னு இருக்கும்.

இனி கம்பெனிக் கணக்கு. இங்கிலாந்துல கேடன்ங்கிற ஊர்ல பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம் இருக்குது. ட்ரையம்ஃப், எம்.ஜி. வண்டிகளோட பழைய லெட்ஜரை அங்க வச்சிருக்கான். நம்பர் எழுதிக் காசு கட்டுனா ஹெரிடேஜ் சர்டிஃபிகேட் வரும்: என்னைக்குக் கட்டுனது, என்னைக்கு அனுப்புனது, எந்த நாட்டுக்கு, என்ன கலரு, எந்த எஞ்சின் நம்பரு. என் பேத்தி போன்ல படிச்சுக் காட்டுனா, எனக்கே ஒண்ணு வாங்கணும்னு தோணுச்சு.

ஆனா பிரேம் போட்டு மாட்டிராத. அந்தக் காயிதம் அன்னைக்கு கேட்டைத் தாண்டுன வண்டியப் பத்தித்தான் சொல்லும். உன் முன்னால நிக்கிறது அதுதானான்னு சொல்லாது. காயலான் கடையில செத்த வண்டித் தகட்டை வாங்கி, அதுக்கு சர்டிஃபிகேட் எழுதி வாங்கிட்டா எந்தத் தகரமும் ஒரிஜினல்தான். காயிதம் 'வெள்ளை'ன்னா, டிக்கி மூலையில, கதவு ரப்பருக்கு அடியில சுரண்டு. அடியில வெள்ளை இருந்தா வண்டி நெஜம், செவப்புக்கு வெலையக் கொறை. பச்சை இருந்தா?

பணக்காரனுக்கும் இந்தத் தலைவலி உண்டு. 1929, 30-ல லெ மான்ஸ் ரேஸ் ஜெயிச்ச 'ஓல்டு நம்பர் ஒன்' பென்ட்லிய ஒரு கோடி பவுனுக்குப் பேசி, வாங்குனவன் இது அந்த வண்டியே இல்லைன்னு தகராறு பண்ண, 1990-ல லண்டன் ஹைகோர்ட் வரைக்கும் போச்சு. ஓட ஓட பாகம் மாறுனாலும் வண்டி அதுதான்னு ஜட்ஜ் முடிச்சாரு. உனக்கு தர்மபுரி கோர்ட்டுக்கு அலைய பஸ் காசு இருக்குதா?

தகட்டுல, பிளாக்குல பாத்த நம்பருங்க ஆர்.சி. புக்குலயும் அப்படியே நிக்கணும். அம்பது வருசம் தாண்டி, சேசிஸ், பாடி, எஞ்சினைப் பெருசா மாத்தாம இருந்தாத்தான் 2021 சட்டப்படி வின்டேஜ். புது ரிஜிஸ்டர்னா இருவதாயிரம் கட்டணும், வி.ஏ. நம்பர் குடுப்பான். தெனம் ஓட்டவும் கூடாது. உன் பொண்டாட்டிக்கு அந்த விதி ரொம்பப் பிடிக்கும்.

வண்டி பாக்கப் போறப்ப நானும் வர்றேன். காரைப் பத்தி ஒண்ணும் தெரியாத மலைக்காட்டுக் கெழவன், சும்மா டவுனு பாக்க வந்திருக்கான்னு புரோக்கர்கிட்ட சொல்லி வை.