வீட்டுப்பாடத்தில் உதவி செய்தோர் மீது நடவடிக்கை கோரி

அனுப்புநர்:
பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தகப்பன்,
நாமக்கல்.

பெறுநர்:
இயற்பியல் வீட்டுப்பாட அதிகாரிகள்,
உராய்வற்ற தளம்,
காற்றுத்தடை இல்லாத ஊர்.

பொருள்: விதி மீறியோரைக் காட்டிக்கொடுத்தல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

'கணக்குகளைத் தானே செய்ய வேண்டும், பிறர் உதவி பெறக் கூடாது' என்று என் மகளின் நோட்டில் முதல் பக்கத்திலேயே எழுத வைத்து, அதன் கீழே என் கையெழுத்தையும் வாங்கியிருக்கிறீர்கள். கையெழுத்துப் போட்டவன் சும்மா இருக்கலாமா? விதியை மீறியவர்களின் விவரத்தை இத்துடன் ஒப்படைக்கிறேன்.

அதற்கு முன், விதியை மீறாதவர்களைப் பாராட்டிவிடுகிறேன். 60 கிலோ நிறையுள்ள ஒருவர் மின்தூக்கிக்குள் எடை எந்திரத்தின் மேல் நிற்கிறார். மின்தூக்கி 2 மீ/வி² முடுக்கத்தில் மேலே கிளம்புகிறது. புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என்று வைத்துக்கொண்டால் எந்திரம் எத்தனை நியூட்டன் காட்டும்? இதற்குக் கைடில் 702 என்று அச்சாகியிருந்தது. வகுப்பே 702 என்று எழுதியது. எல்லா நோட்டிலும் சிவப்பு மையில் டிக் விழுந்தது. கைடு விலை கொடுத்து வாங்கியது. ஆகவே அது 'பிறர்' ஆகாது, அதைப் பார்த்து எழுதுவதும் உதவி ஆகாது. அத்தனை பேரும் தனித்தனியாக, சொந்தமாக, ஒரே தவற்றைச் செய்திருக்கிறார்கள்.

என் மகள் மட்டும் விசைப்படம் வரைந்து, 60 × (10 + 2) = 720 என்று எழுதி மாட்டிக்கொண்டாள். ஓரத்தில் 'யார் உதவியது?' என்று கேட்டிருந்தீர்கள். பதில் பின்வருமாறு.

முதல் நபர், மாடி வீட்டில் குடியிருக்கும் இன்ஜினியரிங் மாணவி. இவர் விடையைச் சொல்லவே இல்லை என்பதுதான் கொடுமை. மகள் 720 போட்டு முடித்ததும், "சரி, லிஃப்ட் கிளம்பிருச்சு. இப்ப ஒரே வேகத்துல மேல போய்க்கிட்டிருக்கு. எவ்வளவு காட்டும்?" என்று கேட்டார். "மேலதானேக்கா போகுது? அதே 720தான்" என்றாள் மகள். "அப்ப முடுக்கம் எவ்வளவு?" என்றார். மகள் வெகுநேரம் யோசித்து, சுழியம் என்றும், எந்திரம் வெறும் 600 காட்டும் என்றும் கண்டுபிடித்தாள். அதோடு விட்டாரா? மேல் மாடி நெருங்கி வேகம் குறையும்போது எவ்வளவு, கயிறு அறுந்தால் எவ்வளவு என்று தொடர்ந்தார். 600க்கும் குறைவு, பிறகு ஒன்றுமே காட்டாது என்று மகளும் சளைக்காமல் சொன்னாள். போகும் திசை எதுவானாலும் எந்திரத்துக்குக் கவலையில்லை, முடுக்கம்தான் கணக்கு என்பது ஒரே மாலையில் அவளுக்குப் புரிந்துவிட்டது. கைடில் இவ்வளவு ஆபத்து கிடையாது.

இரண்டாம் நபர், எதிர் வீட்டு லாரி டிரைவர். 36 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி பிரேக் பிடித்த 10 மீட்டரில் நிற்கிறது, அதே எதிர்முடுக்கத்தில் 72 கி.மீ. வேகத்தில் வந்தால் எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்பது கணக்கு. மகள் 20 என்று எழுதிக்கொண்டிருந்தாள். அவர் பேனாவே தொடாமல், "நாலு மடங்கு ரோடு வேணும் கண்ணு. ரெண்டு மடங்கு போதும்னு நெனச்சவனெல்லாம் முன்னாடி போற வண்டியில இடிச்சுத்தான் நின்னான்" என்றார். வேகத்தின் இருமடி என்று சூத்திரமும் 40 மீட்டருக்கே சாட்சி சொன்னது.

பிறகு சண்டை வந்தது. சூத்திரத்தில் நிறையே வரவில்லை, ஆகவே லோடு ஏற்றினாலும் அதே தூரத்தில் நிற்கும் என்றாள் மகள். "கொல்லிமலை எறக்கத்துக்கு வா, காட்டுறேன்" என்றார் அவர். பாரம் கூடினால் டயருக்கும் ரோட்டுக்கும் இடையிலான உராய்வும் அதே அளவு கூடும், அதனால் நிறை அடிபட்டுப் போகும் என்று இவள் வாதாடினாள். டயர் பிடித்தாலும், 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் டிரம் சூடேறிப் பிடிக்காமல் போகும், அதனால்தான் கியரைக் குறைத்து இறங்குகிறோம் என்று அவர் வாதாடினார். அவள் டயரின் எல்லையைப் பேசினாள், அவர் பிரேக்கின் எல்லையைப் பேசினார். இருவர் சொன்னதும் சரி என்று முடிந்தது. ஒரு கணக்குக்கு ஒரு விடைதான் என்ற உங்கள் கொள்கைக்கு நேர்ந்த இழுக்கை நான் மறைக்க விரும்பவில்லை.

மூன்றாம் நபர் என் தாயார். 'நிறையற்ற, உராய்வற்ற கப்பி' என்று பேத்தி வாசித்ததும், "எந்தக் கடையில கண்ணு விக்குது? நாங்க வெளக்கெண்ண ஊத்தியில்ல தண்ணி எறைச்சோம்" என்றார். ஒற்றைக் கப்பியில் இழுக்கும் விசை குடத்தின் எடைக்குச் சமம் என்று விடை வந்தது. "பாரம் கொறையலைன்னா கப்பி எதுக்கு?" என்று கேட்டார். புத்தகம் கேட்காத கேள்வி. பேத்தி விழித்ததும் அவரே சொன்னார்: "குனிஞ்சு மேல தூக்குனா இடுப்புப் போயிரும். கீழ பாத்து இழுத்தா நம்ம ஒடம்பு பாரமும் சேந்து இழுக்கும்." விசையின் அளவு மாறாமல் திசை மட்டும் மாறுவதன் பயன் இப்படி அனுமதியில்லாமல் கசிந்துவிட்டது.

விசாரணையில் இந்தக் கும்பலுக்கு வெளிநாட்டுத் தொடர்பு இருப்பதும் தெரியவந்தது. கலிலியோ 1638இல் வெளியிட்ட நூலில் மூன்று பேர் நான்கு நாட்கள் உட்கார்ந்து பேசியேதான் இயக்கத்தைப் புரிந்துகொள்கிறார்கள். 1684இல் வானியலாளர் ஹாலி கேம்பிரிட்ஜுக்கே போய்க் கோளின் பாதையைப் பற்றிக் கேட்டபோது, நீள்வட்டம் என்றும், கணக்குப் போட்ட தாளைத்தான் காணோம் என்றும் நியூட்டன் சொன்னார். நம் பிள்ளைகளிடம் இந்தச் சாக்கை நீங்கள் ஏற்பதில்லை. ஹாலி விடாமல் எழுதவைத்து, ராயல் சொசைட்டி தன் பணத்தை மீன்களைப் பற்றிய புத்தகத்தில் செலவழித்துவிட்டதால், 1687இல் நியூட்டனின் பிரின்சிப்பியா நூலைத் தன் காசில் அச்சிட்டார். ஐன்ஸ்டைன் 1905இல் எழுதிய சார்பியல் கட்டுரையில் வேறு எந்தக் கட்டுரையும் மேற்கோள் காட்டப்படவில்லை. ஆனால் கடைசியில் நண்பர் பெஸ்ஸோவுக்கு நன்றி சொல்லி, உதவி பெற்றதைத் தானே எழுதிக் கொடுத்திருக்கிறார். ஹார்வர்டு பேராசிரியர் எரிக் மஸூரின் குற்றம் இன்னும் பெரிது. கடினமான கணக்குகளைப் போட்டுத் தள்ளிய தன் மாணவர்கள் விசை பற்றிய எளிய கேள்விகளில் தடுமாறுவதைப் பார்த்து, வகுப்பு நடக்கும்போதே பக்கத்தில் இருப்பவரோடு விவாதிக்கச் சொல்லிவிட்டார். 1997இல் அதைப் புத்தகமாகவும் போட்டார்.

எனவே கீழ்க்கண்ட நடவடிக்கைகளை வேண்டுகிறேன்:

1. மாடி வீட்டு மாணவி இனிமேல் விடையை மட்டும் சொல்ல வேண்டும். கேள்வி கேட்க அவருக்குத் தடை விதிக்க வேண்டும்.

2. லாரி டிரைவர் அடுத்த முறை கொல்லிமலை இறங்கும்போது பிரேக் சூடாவதைப் புறக்கணிக்க வேண்டும். உங்களில் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து மேற்பார்வை செய்யலாம்.

3. என் தாயாருக்கு நிறையற்ற கப்பி ஒன்று அரசு செலவில் வழங்க வேண்டும்.

4. நியூட்டனுக்கும் ஐன்ஸ்டைனுக்கும் அகமதிப்பெண்ணைப் பிடித்தம் செய்ய வேண்டும்.

இவை நடைமுறைக்கு ஒத்துவராவிட்டால், தண்டனையாக அடுத்த பாடத்தையும் இதே ஆட்களின் தலையில் கட்டிவிடுங்கள். பாடம் திருப்புவிசையாம். வீல் நட்டு இறுகிக்கொண்டால் ஸ்பேனரின் பிடியில் நீளமான பைப்பைச் செருகிக் கழற்றுகிற டிரைவருக்கு இந்த விஷயத்திலும் ஏற்கெனவே தொடர்பு இருப்பதாக நம்பகமான தகவல் கிடைத்திருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
கையெழுத்துப் போட்ட பெற்றோர்.