பானட் திறந்தால் வருபவர்

காவலூரில் யார் வேண்டுமானாலும் காரை நிறுத்தலாம். பானட்டை மட்டும் திறந்துவிடக் கூடாது. திறந்தால் அவர் வந்துவிடுவார். டீக்கடைப் பெஞ்சிலிருந்து எழுந்து வருவார். ஆலங்காயம் பஸ்ஸுக்கு நின்றிருந்தால் பஸ்ஸை விட்டுவிட்டு வருவார். மெக்கானிக் அல்ல. சொந்தமாக வண்டியும் கிடையாது, ஸ்பேனரும் கிடையாது. தோளில் ஒரு துண்டும் வாயில் ஒரு கேள்வியுமாக வந்து நிற்பார்: "இன்னா சார் ஆச்சி?"

பதிலுக்குக் காத்திருக்கிற வழக்கமும் கிடையாது.

இந்த மனிதர் எல்லா ஊரிலும் இருக்கிறார். ஆனால் சமவெளிக்காரருக்கு இல்லாத இரண்டு வசதிகள் இவருக்கு உண்டு. எந்தக் கோளாறுக்கும் பழிபோட ஒரு மலை, அந்த மலைமேல் ஒரு தொலைநோக்கி.

ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவரிடம் அம்பாசிடர் இருக்கிறது. மார்க் ஃபோர், 1489 சிசி, பாயிண்ட் வைத்த பழைய இக்னிஷன். கொஞ்ச நாளாக இருமிக்கொண்டே ஓடியது. வாத்தியார் வாணியம்பாடிக்குப் போய் பாயிண்ட் செட், கண்டென்சர், ரோட்டர், கேப், நாலு பிளக் எல்லாம் வாங்கி வந்து, மெக்கானிக் கூலியை மிச்சம் பிடிக்கத் தானே மாட்டினார். அதுவரை இருமிக்கொண்டாவது ஓடிய வண்டி அதன்பின் ஓடவே இல்லை. செல்ஃப் சுற்றுகிறது, எஞ்சின் எடுக்க மாட்டேன் என்கிறது. பானட்டைத் திறந்தார்.

"மலை மேல காத்து கம்மி சார். எஞ்சினுக்கு மூச்சு வாங்குது."

காவலூரின் உயரம் சுமார் 725 மீட்டர். பெங்களூர் 900 மீட்டருக்கும் மேலே. அங்கே இத்தனை வருஷமும் அம்பாசிடர்கள் ஆக்சிஜன் சிலிண்டர் வைத்துக்கொண்டா ஓடின? தவிர, இதே வண்டி இதே காற்றில்தானே போன வாரம் ஓடியது என்று வாத்தியார் கேட்டார். "அது போன வாரத்துக் காத்து சார்."

அடுத்த குற்றவாளி தொலைநோக்கி. "மேல அவ்ளோ பெரிய கண்ணாடி வச்சிக்கினு கீறாங்க. கரண்ட்ட அது இழுத்துக்குது." வைணு பாப்பு ஆய்வகத்தின் பெரிய தொலைநோக்கிக்கு 2.34 மீட்டர் கண்ணாடி என்பது உண்மை. அது வானத்து வெளிச்சத்தை வாங்கிக்கொள்ளுமே தவிர, வாத்தியார் வண்டியின் பேட்டரியில் அதற்கு அக்கறை கிடையாது. 1986 ஜனவரியில் ராஜீவ் காந்தி வந்து அந்த ஆய்வகத்துக்கு வானியலாளர் பாப்புவின் பெயரைச் சூட்டினார். அன்றைக்கு வரிசையில் நின்றுபோன ஒரு அம்பாசிடரை ஒரே தட்டில் கிளப்பிவிட்டது தான்தான் என்பார் நம்மவர். எந்த இடத்தில் தட்டினார் என்பது சொல்லும்போதெல்லாம் மாறும்.

மேலே ஆய்வகத்தில் இருப்பவர்களின் பழக்கம் வேறு. 1977 மார்ச்சில் யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைக்கப் போவதைப் பார்க்கக் காத்திருந்தார்கள். மறைப்புக்கு முன்பே அந்த நட்சத்திரம் சில வினாடிகள் மங்கி மீண்டது. அதைப் பதிவு செய்துகொண்டார்கள். மற்ற இடங்களில் எடுத்த பதிவுகளோடும் சேர்த்துப் பார்த்த பிறகுதான் யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்பது தெளிவாயிற்று. நம்மவர் அன்று பக்கத்தில் நின்றிருந்தால் அவ்வளவு பேருக்கும் வேலை மிச்சம்: "கண்ணாடில தூசி சார். தொடைங்க."

வாத்தியார் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "நான் நேத்து மாட்டினதுல ஏதாவது தப்பு..."

"புது சாமான் சார் அது! புதுசு எப்பிடி கெட்டுப்போவும்?"

அவருடைய சாஸ்திரத்தின் மூலமந்திரம் இதுதான். பெட்ரோலில் தண்ணீர் இருக்கலாம், டாங்க்கில் எலி இருக்கலாம், வண்டிக்குத் திருஷ்டி பட்டிருக்கலாம். நேற்று கைவைத்த இடம் மட்டும் சந்தேகத்துக்கு அப்பாற்பட்டது. புது மாப்பிள்ளையை யாரும் குற்றம் சொல்வதில்லை அல்லவா!

"தள்ளுங்க சார், தானா எடுத்துக்கும்." தள்ளினார்கள். மலையில் தள்ளுவதற்கு ஒரு திசை இலவசம். வண்டி சரிவில் சொகுசாக இறங்கி ஒரு வளைவில் நின்றது. பிளக்கில் நெருப்பே இல்லாதபோது தள்ளி என்ன பயன் என்பது, திரும்ப மேலே ஏற்றும்போது எல்லோருக்கும் புரிந்தது. அவர் அப்போது பின்னால் நடந்தபடி ஸ்டீயரிங் பிடிப்பவருக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரு விஷயம் அவருக்கு நிஜமாகவே தெரியும். "ஒண்ணு, மூணு, நாலு, ரெண்டு." அம்பாசிடரின் ஃபயரிங் ஆர்டர், அதாவது பிளக்குகள் பொறிவிடும் வரிசை, அதேதான். ஆனால் ரோட்டர் அந்த வண்டியில் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றும். இவர் கடிகாரத் திசையில் எண்ணி, சரியாக இருந்த பிளக் லீடுகளைப் பிடுங்கி மாற்றிச் செருகிவிட்டு, "இப்ப அடிங்க" என்றார். அடித்தும் ஒன்றும் நடக்கவில்லை.

பங்க்சர் கடைப் பையன் வந்தான். பேசவில்லை. கேப்பைக் கழற்றினான், சாவியைப் போடச் சொன்னான், ஸ்க்ரூ டிரைவரால் பாயிண்ட்டைத் திறந்து மூடினான். பொறி இல்லை. காயிலில் இருந்து பாயிண்ட்டுக்குப் போகும் முனையில் ஒரு பல்பின் ஒயரை வைத்து, இன்னொன்றைப் பாடியில் வைத்தான். பாயிண்ட் திறந்திருந்தாலும் பல்பு எரியவில்லை.

"கரண்ட் நேரா பாடிக்குப் போவுது சார்."

கெட்டரிங் என்ற பொறியாளர் 1910 மாடல் காடிலாக் காருக்குச் செய்துகொடுத்த ஏற்பாட்டின் வழிவந்ததுதான் இதுவும். பாயிண்ட் மூடியிருக்கும்போது காயிலில் மின்சாரம் ஓடும். திறந்ததும் சட்டென்று அறுபடும். அறுபடும் அந்த நொடியில்தான் 12 வோல்ட் ஆயிரக்கணக்கான வோல்ட்டாக எகிறி பிளக்குக்குப் போகிறது. அறுபட விடாமல் ஏதாவது தொட்டுக்கொண்டிருந்தால் பிளக்குக்கு ஒன்றும் போகாது. பையன் பாயிண்ட் செட்டின் நட்டைக் கழற்றினான். கரண்ட் பாடியில் படாமல் காக்கவேண்டிய சின்ன வாஷரை வாத்தியார் இடம் மாற்றிப் போட்டிருந்தார். கண்டென்சர் ஒயரின் முனை இரும்புக் கம்பியில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. வாஷரை எடுத்து உரிய இடத்தில் போட்டான்.

சாவி திருப்பியதும் வண்டி கிளம்பவில்லை, வெடித்தது. டமார், டமார் என்று சைலன்சரில் இரண்டு வெடி. எதிர்ச் சாரியில் மேய்ந்த ஆடுகள் சிதறின. பையன் லீடுகளைப் பார்த்தான், நம்மவரைப் பார்த்தான், மூன்றையும் இரண்டையும் இடம் மாற்றினான். அடுத்த சாவிக்கு அம்பாசிடர் இருமலே இல்லாமல் ஓடியது.

வாத்தியார் பையன் கையில் பணம் வைத்தார். நம்மவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"காலையிலேர்ந்து ஊமையா கெடந்த வண்டி சார். நான் லீடை மாத்தி வச்ச அப்புறம்தான் சத்தமே வந்திச்சி. இன்னாடா பையா?"

பையனால் மறுக்க முடியவில்லை. வாத்தியார் மூன்று டீ சொன்னார்.