மலையகத்து இல்லங்களில் அலைவரவு: ஒரு பூர்வாங்க விசாரணை

கைபேசிக்கு அலை வராத வீட்டைப் பற்றி இதுகாறும் எழுந்துள்ள நூல்கள் யாவும் அலை வருகிற வீட்டில் அமர்ந்தே எழுதப்பட்டவை என்னும் ஒரு குறை, இத்துறையின் வளர்ச்சியை வெகுகாலமாகத் தடுத்து வந்திருக்கிறது. அக்குறையை நீக்கும்பொருட்டுச் செய்யப்படும் இவ்விசாரணைக்குப் பாலக்காடு, இடுக்கி என்னும் இரு ஜில்லாக்களின் கிழக்கு எல்லை க்ஷேத்திரமாகக் கொள்ளப்பட்டது. இரண்டுக்கும் நடுவே திருச்சூரும் எர்ணாகுளமும் கிடக்கின்றனவே, ஒன்றையொன்று தொடாத இரண்டை எப்படி ஒரே பிரதேசமாகக் கொள்வது என்று பூகோளம் கற்றவர் ஆட்சேபிக்கக்கூடும். ஆய்வின் பரப்பை நிர்ணயித்த பிறகே தேசப்படத்தைப் பிரித்துப் பார்ப்பது நம் சர்வகலாசாலைகளின் நெடுநாளைய சம்பிரதாயமாதலின், அவ்வாட்சேபம் தள்ளப்பட்டது. மேலும், வடக்கே கொழிஞ்சாம்பாறையிலும் வடகரப்பதியிலும், தெற்கே தேவிகுளத்திலும் உடும்பன்சோலையிலும், 'டவர் கிடைக்கலை' என்று முதலில் தமிழில் சொல்லப்படுகிறது. அரைமணி கழிந்தும் கிடைக்காவிடில் 'ரேஞ்ச் இல்லா' என்று மலையாளத்திலும் சொல்லப்படுகிறது. இந்த ஒற்றுமை போதுமானது.

எல்லையைப் பற்றிச் சிறிது கூறுதல் அவசியம். ராஜ்யங்களைப் புனரமைக்க நியமிக்கப்பட்ட கமிஷன், பஸல் அலி தலைமை வகிக்க, குன்ஸ்ருவும் சர்தார் பணிக்கரும் உடனிருக்க, 1955-இல் தன் அறிக்கையைச் சமர்ப்பித்தது. தேவிகுளம், பீருமேடு தாலுக்காக்களைத் தமிழர் கேட்டும், அவை 1956 நவம்பர் 1-இல் பிறந்த கேரளத்தோடே நின்றன. அவ்வறிக்கையை மின்காந்த அலைகள் இன்றளவும் வாசிக்கவில்லை. மூணாற்றுக்கு அப்பால் எல்லை மலையின் விளிம்பில் நிற்பவனுடைய கைபேசி, முதுகுக்குப் பின்னாலுள்ள சொந்த ராஜ்யத்தை விட்டுவிட்டு, ஆயிரம் மீட்டருக்கும் கீழே விரிந்து கிடக்கும் போடிநாயக்கனூர்ச் சமவெளியின் கோபுரத்தைப் பற்றிக்கொண்டு, தமிழ்நாடு தங்களை வரவேற்கிறது என்று செய்தி காட்டும். பி.எஸ்.என்.எல். நிறுவனம் 2015 ஜூன் 15 முதல் ரோமிங் என்னும் வெளிவட்டத்தில் வரும் அழைப்புகளுக்குக் கட்டணத்தை நீக்கும்வரை, எல்லையோரத்து மனிதர் அடுக்களையிலிருந்து திண்ணைக்கு வந்த குற்றத்துக்காகவே பிரயாணியாகக் கருதப்படும் அபாயம் இருந்தது. அலையை மட்டும் பழிப்பதில் நியாயமில்லை. பாலக்காடு ஜில்லாவைச் சேர்ந்த பறம்பிக்குளத்துக்கு மோட்டாரில் போக விரும்புகிறவர், சேத்துமடை வழியாகத் தமிழ்நாட்டுக்குள் புகுந்துதான் தம் ஜில்லாவுக்குள்ளேயே போய்ச் சேரவேண்டும்.

அலைக்கு நேரும் விக்கினங்கள் பலவகைப்படும். முதலாவது மலை, ஆனைமுடியின் உயரம் 2,695 மீட்டர், பரிகாரம் இல்லை. இரண்டாவது மரம். ஏலச்செடி நிழலின்றி வளராதாதலின், உடும்பன்சோலைப் பக்கத்து ஏலக்காடுகளில் ஆகாயமே தெரியாதபடி வீட்டின்மேல் மரம் கவிந்திருக்கும். இலையிலுள்ள நீர் அலையை உறிஞ்சும், நனைந்த இலை இன்னும் அதிகமாக உறிஞ்சும். மழைத்துளியே அலையைத் தின்றுவிடுகிறது என்று பாமரரும் பண்டிதரும் ஒருமித்துக் கருதுவது பொருந்தாது. கைபேசிக்குரிய அலைவரிசைகளில் துளியால் நேரும் சேதம் அற்பம். மழையோடு மின்சாரமும் போய், கோபுரத்தடியிலுள்ள பாட்டரி வடிந்துவிடுவது பல சமயங்களில் காரணம். மூன்றாவது கூரை. தோட்டத்து லயங்களில் காணும் தகரக் கூரை, அலையை வந்த வழியே திருப்பி அனுப்பும். நான்காவது, கைபேசியைப் பிடித்திருக்கும் கை. இவற்றை ஐந்திணையுள் அடக்கிக் காட்டாவிடில் தமிழில் ஆய்வுப் பட்டம் கிட்டாது என்பதால், மலையைக் குறிஞ்சியென்றும், ஏலக்காட்டை முல்லையென்றும், சித்தூர் வயலை மருதமென்றும், பாலக்காட்டுக் கணவாயைப் பாலையென்றும் கொள்க. நெய்தலுக்குக் கடல் அகப்படாமையால் மலம்புழை அணையைக் கொள்க.

அலையின் வலிமையைக் கைபேசியின் தலையில் தோன்றும் கோடுகளைக் கொண்டு அளப்பது லோக வழக்கு. எவ்வளவு வலிமைக்கு எத்தனை கோடு என்பதைக் கைபேசி செய்பவர்கள் தத்தம் இஷ்டப்படி வைத்துக்கொள்கிறார்களாகையால், ஒரே மேஜைமேல் ஒன்று நான்கு கோடும் மற்றொன்று இரண்டு கோடும் காட்டுவதில் மாயம் ஏதுமில்லை. உண்மையான அளவு, கைபேசியின் அமைப்புகளுக்குள்ளே கழித்தற்குறியோடு கூடிய ஓர் எண்ணாக ஒளிந்திருக்கிறது. மைனஸ் 80 எனில் சௌக்கியம். மைனஸ் 110 எனில் பிராணன் போகும் தறுவாய். இடையில் உள்ளது முப்பதுதானே என்று எண்ணற்க, அது ஆயிரம் மடங்கு வித்தியாசம். (கழித்தற்குறியை அச்சுப்பிழையென்று கருதி நீக்கிப் பதிப்பித்த பதிப்பாசிரியர் ஒருவரை யாம் அறிவோம், பழைய நூல்களிலும் தமக்கு விளங்காதவற்றை அவர் இவ்வாறே செப்பம் செய்திருக்கிறார்.)

மலையோரத்துக் குடியிருப்புகளில் கைபேசி பேசுவதற்கென்றே ஒரு பாறையோ சாலை வளைவோ இருக்கும். பெருந்தொற்றால் பள்ளிகள் மூடியிருக்க, 2020 ஜூன் 1-ஆம் தேதி விக்டர்ஸ் என்னும் கல்விச் சானலில் 'ஃபர்ஸ்ட் பெல்' வகுப்புகள் ஆரம்பித்தபோது பாடம் தொலைக்காட்சியில் வந்தது; ஆசிரியர் கேட்கும் கேள்வியும் அனுப்பச் சொல்லும் வீட்டுப்பாடமும் கைபேசி வழியாகத்தான் வந்தன. ராஜமலைத் தோட்டத்துப் பிள்ளைகள் அலை தேடி நடந்து, இரவிகுளம் வனப்பூங்காப் பக்கத்துச் சாலையோரத்தில் அமர்ந்து படித்தார்கள். அவர்கள் அமர்ந்த இடங்களே அப்பிரதேசத்தின் மூல வரைபடம். அச்சிட்ட வரைபடங்கள் அதன் பாடபேதங்கள். இணையத்தை அடைதல் கல்வியுரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கியது என்று கேரள உயர்நீதிமன்றம் 2019 செப்டம்பரிலேயே தீர்ப்பளித்திருந்தபடியால், உரிமையைப் பொறுத்தவரை அப்பிள்ளைகளுக்கு யாதொரு குறையுமில்லை.

இனி, இவ்வாராய்ச்சியின் இருதயஸ்தானமாகிய பாத்திரப் பிரகரணத்துக்கு வருவோம். வீட்டுக்குள் கைபேசியை எங்கே வைப்பது என்பதில் இரண்டு பட்சங்கள் உண்டு. ஜன்னல் பட்சத்தார், ஜன்னல் கம்பியில் ஒரு துணிப்பையைக் கட்டி அதற்குள் வைப்பர். அவர்களுடைய சித்தாந்தம் முழுவதும் ஒரே வாக்கியத்தில் முடிந்துவிடுவதால் அறிவுலகம் அவர்களை மதிப்பதில்லை. பாத்திர பட்சத்தாரோ, உலோகப் பாத்திரத்தில் வைத்தால் அலை பெருகும் என்பவர். அவர்களுள் செம்புவாதிகள், இட்லித்தட்டுவாதிகள், சட்டிவாதிகள் என்று மூன்று உட்பிரிவு உண்டு.

செம்புவாதம் மிகப் பழமையானது. எவர்சில்வர் செம்புக்குள் கைபேசியை இறக்கினால் பாட்டுக் கணீரென்று கேட்கிறது, இது பிரத்தியட்சம். பெருகுவது காற்றில் செல்லும் ஒலியேயன்றி, கோபுரத்திலிருந்து வரும் மின்காந்த அலையன்று; பின்னது உலோகக் கூட்டுக்குள் புகாது என்பதற்கு அடிப்படையான சோதனையைப் பாரடே 1836-இலேயே செய்து காட்டிவிட்டார். பாட்டு உரக்கக் கேட்ட அதே கணத்தில் அழைப்பு அறுந்துபோவதற்கு இதுவே ஹேது. இதற்குச் செம்புவாதிகள் கூறும் சமாதானம், ஒரு வீட்டுப் பரணில் அகப்பட்ட பழைய உரையொன்றை ஆதாரமாகக் கொண்டது. அவ்வுரையின் முற்பாதியைக் கரையான் தின்றுவிட்டது. பிற்பாதி அடுப்பு மூட்டுவதில் செலவாயிற்று. எஞ்சிய ஓரத்துணுக்கில் 'ம்பு' என்னும் இரண்டெழுத்து மட்டும் தெளிவாக உள்ளது. இதனை ஒரு சாரார் 'செம்பு' என்று பூரணம் செய்ய, 'கம்பு' என்பதே சுத்த பாடமென்றும் அது ஜன்னல் கம்பியின் மரூஉவென்றும் மறுசாரார் சாதிக்க, மூன்றாமவர் ஒருவர் 'பாம்பு' என்று கொண்டு, மலைநாட்டு நாக வழிபாட்டின் தொன்மையைப் பற்றி அறுநூறு பக்கம் எழுதிப் பட்டமும் பெற்று, இப்போது மற்ற இரு சாராருடைய ஆய்வேடுகளையும் திருத்தும் ஸ்தானத்தில் இருக்கிறார். நூலின் பெயரோ ஆசிரியரோ காலமோ தெரியவில்லை. பக்க எண் மட்டும் ஐயத்துக்கிடமின்றித் தெரிகிறது.

இட்லித்தட்டுவாதிகள், துளை வழியே அலை புகும் என்பர். 2,300 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 13 சென்டிமீட்டர். 700 மெகாஹெர்ட்ஸில் 43. தட்டின் துளையோ சில மில்லிமீட்டர். மைக்ரோவேவ் அடுப்பின் கதவில் துளையிட்ட தகட்டைப் பதித்து, 2,450 மெகாஹெர்ட்ஸ் அலையை உள்ளேயே நிறுத்திவைப்பது இந்த நியாயத்தால்தான். துணி விரித்த தட்டுக்கும் எண்ணெய் தடவிய தட்டுக்கும் இவ்விஷயத்தில் பேதமுண்டா என்பதை எமது முந்தைய கட்டுரையிற் காண்க. அக்கட்டுரை இக்கட்டுரையை மேற்கோள் காட்டி முடிகிறது.

மூவருள் சட்டிவாதிக்கு மட்டும் சாஸ்திரத்தின் அனுகூலம் சிறிது உண்டு. குழிந்த உலோகப் பரப்பு அலையைக் குவிக்கும் என்பது மெய். ஆனால் சட்டி பெரிதாயிருத்தல் வேண்டும். வாயைக் கோபுரத்தின் திக்கில் திருப்பிச் சாய்த்து நிறுத்தவேண்டும். கைபேசி, சட்டியின் அடியில் கிடவாமல், அலை குவியும் புள்ளியில் அந்தரத்தில் தொங்கவேண்டும். சட்டிவாதிகளோ சட்டியை அடுப்பில் வைக்கும் பாவனையில் வாய் மேலாக வைத்து, கைபேசியை அதன் அடியில் கிடத்துகின்றனர்; ஆகாயத்தில் கோபுரம் இல்லை. இப்பிரிவைப் பற்றி லயத்துப் பாட்டி ஒருத்தி, 'ஏய்யா, சட்டிய நீ எடுத்துக்கிட்டா நான் எதுல குழம்பு வைக்க?' என்று எழுப்பிய ஆட்சேபத்துக்கு எந்தப் பாத்திரவாதியும் இன்றுவரை மறுமொழி எழுதவில்லை.

தூர்தர்சன் நாட்களில் நம் கூரைகள்மேல் மீன்முள் போல நின்ற அன்டெனாவை அறியாதார் இல்லை. ஜப்பானில் தோஹோகு சர்வகலாசாலையில் 1926-இல் வெளியிடப்பட்ட அவ்வமைப்புக்கான உழைப்பில் பெரும்பங்கு ஷிந்தாரோ உடா என்னும் இளையவருடையது. உலகம் அதை அழைப்பதோ அவருக்கு மூத்தவராகிய பேராசிரியர் யாகியின் பெயரால். இந்த முறை நம் தேசத்துக்கு யாரும் கற்றுத்தர வேண்டாதபடி இயல்பாகவே அமைந்திருக்கிறது. 1942-இல் சிங்கப்பூரைப் பிடித்த ஜப்பானியர், ஆங்கிலேயரின் குறிப்பேட்டில் 'யாகி' என்ற சொல்லைக் கண்டு பொருள் விளங்காமல் கைதி ஒருவனைக் கேட்க, அது உங்கள் நாட்டு மனிதரின் பெயராயிற்றே என்று அவன் சொன்னதாக ஒரு கதை வழங்குகிறது. உள்ளூர்ப் பண்டிதருக்கு வெளியூரிலிருந்து கீர்த்தி வந்து சேருவதும் நமக்குப் பழக்கமானதே.

இனிப் பரிகாரம். சிம் போடும் ரௌட்டர் ஒன்றை, வெளி அன்டெனா பூட்டும் வசதியுள்ளதா என்று பார்த்து வாங்குக. தகரக் கூரைக்கு மேலே, மரக்கிளைக்கு எட்டாத உயரத்தில், கோபுரம் இருக்கும் திக்கை நோக்கி யாகியை நிறுத்துக. அங்குலம் அங்குலமாகத் திருப்பி, மைனஸுக்குப் பின்னுள்ள எண் எங்கே மிகக் குறைகிறதோ அங்கே முடுக்குக. கேபிளைக் குட்டையாக வைக்க, ஏனெனில் நீண்ட கேபிள் மேலே ஈட்டியதைக் கீழே வந்து சேருமுன் செலவழித்துவிடும். அன்டெனா உள்ளடங்கிய ரௌட்டரையே தண்ணீர் புகாத பிளாஸ்டிக் பெட்டியிலிட்டு மேலே ஏற்றி, லான் கேபிளை வீட்டுக்குள் இறக்குவது இன்னும் உத்தமம். பிறகு வைஃபை காலிங் வசதியைத் திறந்துவிட்டால் கட்டிலில் படுத்தபடியே பேசலாம். கடைவீதியில் 'பூஸ்டர்' என்று விற்கும் பெட்டியை அணுகற்க: உரிமமின்றிக் கம்பியில்லாத் தந்திக் கருவி வைத்திருப்பதை 1933-ஆம் வருஷத்துச் சட்டமே தடுத்தது, தவிர, அது எழுப்பும் இரைச்சலில் கோபுரம் செவிடாகி, அயலாரும் அலையிழப்பர். அலை எட்டாதிருந்த 24,680 ஊர்களுக்கு 4ஜி கோபுரம் எழுப்ப 26,316 கோடி ரூபாய் செலவில் மத்திய மந்திரிசபை 2022 ஜூலையில் இசைவளித்தது. அது தம் மேட்டுக்கு வரும்வரை யாகியே கதி.

ஓர் எச்சரிக்கை மட்டும் பாக்கி. கேரளத்து மலைகளில் துலாவர்ஷத்தின்போதும் கோடைமழையின்போதும் பிற்பகலில் இடி மின்னல் கடுமையாக இருக்கும். கூரைமேல் நிறுத்திய குழாயை முறையாக எர்த் செய்யவேண்டும். கார் கவியும்போதே, இடி முழங்குமுன், மேலேயுள்ள இணைப்பைக் கழற்றிவிடுதல் நலம். இக்கருத்தில் ஜன்னல் பட்சத்தாரும் பாத்திர பட்சத்தாரும் முதன்முறையாக ஒருமைப்பட்டுள்ளனர். கூரைமேல் ஏறிக் கழற்றுவது யார் என்பதில் மட்டும், இரு பட்சத்திலும் மூத்த பண்டிதர்கள் தத்தம் மாணவர்களைச் சிபாரிசு செய்திருக்கிறார்கள்.