வாங்கிப்போட்டுக் கேட்ட கேள்வி

மருமகன், நேத்து ராவு லண்டனில இருந்து வீடியோ கோல் எடுத்து அரை மணித்தியாலம் கதைச்சாய். உன்ட உம்மாட முழங்கால் வருத்தத்துக்கு ஒரு நிமிசம். மிச்சம் முழுக்க மீன் தொட்டிக்கு. நான் குறையாச் சொல்லேல்ல. முழங்கால் எங்கயும் ஓடிப்போகாது, மீன்தான் செத்துப்போகும்.

நாலடிக் கண்ணாடிப் பெட்டி, உள்ளுக்குக் கல்லு, கல்லில ஒட்டின பவளம், மேல கலியாண வீட்டு லைட்டு மாதிரி நீல வெளிச்சம். போனைத் திருப்பித் திருப்பிக் காட்டிப்போட்டுக் கேட்டாய்: “மாமா, அடியில மணல் போடுறதா, மொட்டையா விடுறதா?” பின்னால மாமி சிரிச்சது உனக்கும் கேட்டிருக்கும். பிறந்தது சிலாவத்துறை, வாசலைத் தாண்டினா கடல். அந்தக் கடலுக்கு அடி எப்பிடியிருக்கும் எண்டு லண்டன்ல மீன்கடை வச்சிருக்கிறவனிட்டப் போய்க் கேட்டு, அவன் சொன்னது விளங்காமத் திரும்ப இங்க வந்து நிக்கிறாய். சுத்தின வழி எண்டாலும் வீட்டுக்கு வந்து சேந்தியே, அது காணும்.

ஒரு பை மணலுக்கு எத்தின பவுண் எண்டு நீ சொன்ன நேரம் வாயில கிடந்த வெத்திலையை விழுங்கிப்போட்டன். மன்னார்த் தீவு மணல்ல இல்மனைட் கிடக்குதாம் எண்டு அவுஸ்திரேலியாக் கம்பனி வந்து குழி தோண்டிப் பாத்தது. மணலைத் தரமாட்டம் எண்டு சனம் றோட்டில இறங்கி நிண்டது. இங்க மணலுக்குக் காவல், அங்க நீ மணலுக்குக் காசு. அதுவும் எங்கட கரை மணல் தொட்டிக்குச் சரிவராதாம், சுண்ணாம்பு மணல்தான் வேணுமாம். பவளப்பாரில கிடக்கிற வெள்ளை மணல் எங்கயால வருது எண்டு தெரியுமா? கிளிமீன் பவளக் கல்லைக் கடிச்சு அரைச்சுத் திண்டுபோட்டுப் பின்னால விடுறது அதில பெரிய பங்கு. பெரிய கிளிமீன் ஒண்டு வருசத்துக்குச் சில நூறு கிலோ விடும். உன்ட பையில கிடக்கிறது எந்தக் கரையில அள்ளினதோ, நான் அறியேன். எதுக்கும் கையைக் கழுவிப்போட்டுச் சாப்பிடு.

சரி, நீ சொன்ன ரெண்டு கட்சியையும் கேட்டன். மணல் கட்சிக்காரன் சொல்றதில ஞாயம் இருக்கு. மீன் திங்கும், கழிக்கும். கழிவும் மிஞ்சின தீனும் அழுகி அமோனியா ஆகும், அது போய்ப்போய் நைத்திரேற்று ஆகும். நைத்திரேற்றுக் கூடினாப் பவளம் வாடும், பாசி கொழுக்கும். நாலு அஞ்சு அங்குலத்துக்கு மணல் போட்டா, மேல் மணல்லதான் ஒட்சிசன். கீழ இல்ல. அந்த இருட்டுக்குள்ள இருக்கிற பற்றீரியா நைத்திரேற்றில இருக்கிற ஒட்சிசனைப் பறிச்சுத் திண்டுபோட்டு, மிச்சத்தை நைதரசன் குமிழியா மேல விட்டிரும். பிரான்சில நீஸ் சர்வகலாசாலைப் பேராசிரியர் ஜோபேர் 1980களில இதை வச்சே ஒரு முறை கட்டினாராம். மணலுக்குக் கீழ ஒரு தட்டு, தட்டுக்குக் கீழ தண்ணி நிக்க வெறும் இடம். பக்கத்தில மொனாக்கோவில பெரிய தொட்டியில அப்பிடிப் பவளம் வளத்தாங்களாம். என்ட பேத்தி வாசிச்சுச் சொன்னாள். நான் கண்ணாடி போட்டா நித்திரை வந்திருது.

ஆனா அந்த மணலைக் கிண்டப்படாது. கண்டல் காட்டுச் சேத்தில முழங்கால் மட்டும் புதைஞ்சாக் கிளம்புமே ஒரு கூமுட்டை நாத்தம், நீயும் சின்னதில புதைஞ்சு செருப்பைத் துலைச்ச இடம், அதே நாத்தம் உன்ட தொட்டிக்குள்ளயும் அடியில கறுப்பாப் படுத்திருக்கும். ஐதரசன் சல்பைட்டு. ஒரு நாள் கையை விட்டுக் கலக்கினாய் எண்டா மீன் விடியக் காணாது.

மொட்டைக் கட்சிக்காரன் வேற மாதிரி. அவன் ஜேர்மன் பக்கத்து ஆக்களிட்டப் பாடம் கேட்டவன். பெர்லின் முறை எண்டு பேர். கல்லையும், நுரை தள்ளுற மெசினையும், நல்ல நீரோட்டத்தையும் நம்பி, மணலைப் பெரிசா எடுக்கேல்ல அவங்கள். அடி மொட்டையாக் கிடந்தா ஊத்தை ஒளிக்க இடமில்ல. கண்ணுக்குத் தெரியும், குழாயை வச்சு உறிஞ்சி எடுக்கலாம். இதுவும் ஞாயம்தான். கடலடியை மொட்டையாத் துடைக்கிற வித்தையில இழுவைமடிக்காரரை வெல்ல ஆளில்ல. 2017 இல இலங்கையில சட்டம் போட்டே தடுத்தது. நீ சட்டம் இல்லாத இடத்தில இருக்கிறாய், துடைச்சுக்கொள்.

துடைப்பியா எண்டதுதான் கேள்வி. மொட்டைத் தொட்டிக்கு உழைப்பு வேணும், ஒவ்வொரு கிழமையும் குழாயோட குந்தியிருக்க வேணும். ஆழ மணலுக்குப் பொறுமை வேணும், மாசக் கணக்கில கையைக் கட்டிக்கொண்டு பாத்திருக்க வேணும். ரெண்டும் எங்கட பக்கத்துக் குணம், உன்ட உம்மாவுக்கு இருக்கு. நீ அப்பிடியே உன்ட வாப்பா. தின்ன பீங்கானை நீ கழுவி நான் ஒரு நாளும் காணேல்ல.

கடலடியைப் பத்தி இந்தக் கரையில ஒரு பெரிய வழக்கே நடந்தது, கேள். நான் முத்துக் குளிச்சவன் இல்ல, சங்கும் அட்டையும் எடுத்தவன். ஆனா இறங்கினது அதே கடல். இங்கயிருந்து மேற்க போனா அடி முழுக்க மணல், இடையிடையே பார். பார் எண்டாக் கல்லுத்தரை, பாயை விரிச்ச மாதிரித் தட்டையாக் கிடக்கும். செவல் பார், மோதரகம் பார், பெரிய பார் எண்டு பேர் வச்சுக் கூப்பிடுறது அதுகளைத்தான். முத்துச்சிப்பிக் குஞ்சு மிளகுக்கும் சின்னனா வந்து இறங்கி, காலில இருந்து நூலை விட்டுக் கல்லைப் பிடிக்கும். கல்லு இல்லாட்டிச் செத்த சிப்பியோட்டைப் பிடிக்கும், பவளத் துண்டைப் பிடிக்கும். மணலைப் பிடிக்க அதுக்கு ஏலாது. மணல் நகரும். சோழகம் பிறந்து கடல் அடியோட புரண்டா ஒரு சாண் மணல் ஏறி எல்லாத்தையும் மூடிப்போடும்.

1902 இல லிவர்பூலில இருந்து ஹேர்ட்மன் எண்ட பேராசிரியரைக் கூட்டி வந்தது, சிப்பி ஏன் இருந்தாப்போல காணாமப்போகுது எண்டு பாக்க. ஹோர்னெல் எண்டவரும் கூட வந்தார். பெரிய பாரைப் பாத்து மனுசன் தலையில கை வச்சார். பெரிசு, பேரும் பெரிசு, குஞ்சுச்சிப்பி கோடிக் கணக்கில வந்து ஒட்டும். 1880 தொட்டுப் பத்துத் தரத்துக்கு மேல ஒட்டியிருக்கு, ஒரு தரமும் குளிப்புக்கு ஆகேல்ல. தென்மேல் காத்துக்கு நேரே நெஞ்சைக் காட்டிக்கொண்டு கிடக்கிற பார் அது. ஹேர்ட்மன் ரெண்டு யோசனை சொன்னார். குஞ்சுகளை அங்கயிருந்து வாரிப் பத்திரமான பாரில போடுங்க, மணல் கிடக்கிற இடத்தில கல்லும் பவளத் துண்டும் கொட்டுங்க, சிப்பிக்குப் பிடிக்க ஏதாவது வேணும். நீ கண்ணாடிக்கு மேல மணல் கொட்டலாமோ எண்டு யோசிக்கிறாய், அவர் மணலுக்கு மேல கல்லுக் கொட்டச் சொன்னார். ரெண்டு பேருக்கும் இடையில நூத்திச்சொச்சம் வருசம்.

1905 இல 8 கோடிக்கு மேல சிப்பி எடுத்தது. கரையில ஒரு பட்டணமே முளைச்சதாம், பாய்க்கொட்டில், கடை, ஆசுபத்திரி, கோடு. அதுக்கு முந்தின காலத்தில சுறாட வாயைக் கட்டுறதுக்குக் கடல்கட்டி எண்டொரு மந்திரக்காரர் இருந்தார், அரசாங்கமே அவருக்குக் காசு குடுத்தது. அவர் ஓதாட்டிக் குளியாளி இறங்கமாட்டான். உனக்கு மணல் யோசனை சொல்றவங்களைப் பாக்கக்க எனக்கு அந்த மனுசன்தான் ஞாபகம் வாறார். அவர் நனையாமலே சம்பளம் எடுத்தவர். அடுத்த வருசம், 1906 இல, ஒரு லண்டன் கம்பனி பாரெல்லாத்தையும் 20 வருசத்துக்குக் குத்தகைக்கு எடுத்தது. 1907 தான் கம்பனிட கடைசிக் குளிப்பு. அதுக்குப் பிறகு கம்பனி இருந்த காலத்தில குளிப்புக்குப் பாரில சிப்பி இல்ல. குத்தகை முடிய முன்னமே கம்பனி கரைஞ்சு போச்சு. காசு இருந்தது, விஞ்ஞானி சொன்ன யோசனையும் இருந்தது. சிப்பி மட்டும் வரேல்ல.

அரிப்பில அல்லிராணிக் கோட்டையையும் ஒருக்கா நினைச்சுக்கொள். அது ராணி கட்டினதில்ல, நோர்த் எண்ட முதலாவது இங்கிலீசுத் தேசாதிபதி முத்துக்குளிப்பைப் பாத்துக்கொண்டு இருக்கக் கட்டின வீடு. கடலோர மண்மேட்டில பெரிய பெரிய தூண் வச்சுக் கட்டினார். அடியைக் கடல் அரிச்சு அரிச்சு, சுவர் ஒவ்வொண்டாக் கீழ விழுகுது. தேசாதிபதிக்கும் அடி பாக்கத் தெரியேல்ல, நீ வெக்கப்படாத.

இப்ப விசயத்துக்கு வாறன். நேத்து நீ கதைச்சுக்கொண்டிருக்க நான் உன்ட முகத்தைப் பாக்கேல்ல. தொட்டியைப் பாத்தன். வலது மூலையில ஒரு மஞ்சள் மீன், சுண்டுவிரல் நீளம், எலுமிச்சம்பழ நிறம். மூக்கால கண்ணாடி அடியைக் குத்திக் குத்திப் பாக்குது. கொஞ்சம் நீந்திப் போகுது, திரும்பி வந்து அதே இடத்தில குத்துது. உன்ட லைட்டு மங்கிக்கொண்டு வந்த நேரம் அது. “அது என்ன மீனடா?” எண்டு கேட்டன். “மஞ்சள் ராஸ், மாமா, போன கிழமை வாங்கினது, விளையாடுது” எண்டாய்.

விளையாடேல்ல மருமகன். படுக்கப் பாக்குது. அந்தச் சாதி கிளிமீனுக்குச் சொந்தம். பொழுது பட்டா மணலுக்குள்ள தலையைக் குத்தி உடம்பு முழுக்க மறைச்சுக்கொண்டுதான் நித்திரை கொள்ளும். பயந்தாலும் அங்கதான் பாயும். ராவில லைட்டு அடிச்சுப் பாக்க, மணல்ல ஒரு சின்ன மேடு தெரியும், தொட்டா மின்னல் மாதிரி வெளிக்கிடும். நான் கண்டிருக்கிறன். படுக்கிற தரை இல்லாட்டி நித்திரை வராது. 1990 ஒக்டோபரில எங்களை ஊரை விட்டு வெளிக்கிடச் சொன்ன பிறகு புத்தளத்தில ஓலைக்கொட்டிலுக்குள்ள எத்தின ராவு நான் கண்ணைத் திறந்துகொண்டு கிடந்தன் எண்டு உன்ட உம்மாட்டக் கேள்.

முதல்ல கேள்வி கேக்கிறது, பிறகு மீன் வாங்கிறது. நீ மீனை வாங்கிப்போட்டுக் கேள்வி கேட்டிருக்கிறாய். மணல் கட்சியும் மொட்டைக் கட்சியும் அங்க அடிபடட்டும், உன்ட தொட்டியில ஓட்டுப் போட வேண்டியது அந்த மஞ்சள் மீன். அது போட்டுட்டுது.

“கடலட்டை ஒண்டையும் விட்டா மணலைத் துப்புரவாக்குமே” எண்டும் சொன்னாய். ஆக்கும். மணலைத் திண்டு அழுக்கை எடுத்துக்கொண்டு சுத்தமான மணலைச் சரம் சரமாப் பின்னால விடும். ஆனா அதுக்கு ஒரு வெளியே வேணும், நாலடி காணாது. பட்டினி கிடந்து மெலியும், மோட்டர் வாயில மாட்டிச் செத்தா நஞ்சைக் கக்கி மீனையும் கூட்டிக்கொண்டு போகும். இங்க எண்டா அதைக் காயவச்சு ஹொங்கொங்குக்கு அனுப்பி உன்ட தங்கச்சிட கலியாணத்தை முடிச்சிருப்பன். அதை விடு.

நான் சொல்றதைச் செய். தொட்டி முழுக்க மணல் வேணாம், நீ கூட்டமாட்டாய். ஐஸ்கிரீம் டப்பா ஒண்டு எடு, ரெண்டு லீற்றர் வாறது, பிள்ளையள் திண்டு முடிச்சது கிடக்கும். நாலு விரல் உயரத்துக்கு மாமணல் போடு, பரல் மணல் வேணாம், தோலை உரசும். தண்ணி இழுப்புக் குறைஞ்ச மூலையில, அந்த மீன் குத்திப் பாத்த அதே வலது பக்கம், கல்லுக்குப் பின்னால வை. மிச்ச அடி மொட்டையாக் கிடக்கட்டும், குழாயால உறிஞ்சு. டப்பா அழுகினாத் தூக்கி வெளிய வச்சுப் புது மணல் போடலாம், மெள்ளத் தூக்கு, கலங்கப்படாது. தொட்டிக்கு மேல வலையும் போடு, அந்தச் சாதி துள்ளும்.

டப்பாவுக்குள்ள போன மீன் ரெண்டு நாளைக்கு வெளிய வராட்டிச் செத்துப்போச்செண்டு கிண்டிப் பாக்காத, அது இவ்வளவு நாள் இழந்த நித்திரையைக் கொள்ளுது. டப்பாவைக் கழுவக்க மட்டும் சவர்க்காரம் போடாத, வெறுந்தண்ணி காணும். கழுவத் தெரியாட்டி உன்ட பெண்சாதிட்டக் குடு. உம்மாவுக்கு நாளைக்கு ஒரு கோல் எடு.