ஆண்டுக்கு 100 டாலர்

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் சட்டமன்ற உறுப்பினரின் சம்பளம், இரண்டாண்டுப் பதவிக்காலம் முழுவதற்கும் சேர்த்து 200 டாலர். 1889இல் நிர்ணயித்தது. விலைவாசி ஏறிய செய்தி அங்கே இன்னும் போய்ச் சேரவில்லை போலும். (பயணப்படி தனி; அதையும் நிறுத்தினால் யாரும் வரமாட்டார்கள்.)

மக்கள்தொகை சுமார் 14 லட்சம். கீழவையில் மட்டும் 400 பேர். கடைவீதியில் நின்று கல்லெறிந்தால் ஓர் உறுப்பினர் மேல் விழ வாய்ப்பு அதிகம். ஓய்வுபெற்றவர்கள் நிறைய வருகிறார்கள். பென்ஷன் இருந்தால்தானே மக்கள் தொண்டு கட்டுப்படியாகும்!

கொள்கை முன்னுரிமைக்கும் குறைவில்லை. 2015இல் நாலாம் வகுப்புப் பிள்ளைகள், செவ்வால் பருந்தை மாநில வேட்டைப் பறவையாக அறிவிக்கக் கோரும் மசோதாவுக்குக் காரணமாகி, விவாதத்தைப் பார்க்க அவை மாடத்தில் வந்து உட்கார்ந்திருந்தார்கள். சட்டம் எப்படிப் பிறக்கிறது என்று பார்க்க வந்தவர்களுக்கு, அது எப்படிச் சாகிறது என்று காட்டி அனுப்பினார்கள். ஓர் உறுப்பினர் பருந்து இரையைக் கிழிப்பதில் தொடங்கி, கருக்கலைப்பு அரசியலில் போய் நின்றார். மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவர்கள் பத்து வயதுக் குழந்தைகள்.

2019இல் பருந்துக்குப் பட்டம் கிடைத்துவிட்டது. சம்பளம் மட்டும் அப்படியே இருக்கிறது.