முதுகு காட்டும் விருந்தாளிகள்

பூநாரையை யார் வேண்டுமானாலும் படம் எடுக்கலாம். நான்கடி உயரம், ரோஜா நிறம், அவசரமே இல்லாத நடை. உள்ளானைப் படம் எடுக்கத்தான் முன்ஜென்ம வினை வேண்டும்.

குளிர்காலத்தில் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தில் வந்து இறங்கும் கரைப்பறவைகளில் கொசு உள்ளான் மிகச் சிறியது. எடை சுமார் 25 கிராம். அதற்காக நான் சுமக்கும் லென்ஸ் 3 கிலோ. செலவைப் பறவையின் எடையால் வகுத்தால் தங்கம் தேவலை. ஆர்க்டிக் ஓரத்தில் குஞ்சு பொரித்து, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து, வழியில் வல்லூறுகளுக்கெல்லாம் தப்பி வந்த வீரன் அது. நான் முக்காலியை விரித்ததும் அலறியடித்து ஓடுகிறது. என்னிடம் சைபீரிய முதுகுகள் நிறைய உண்டு.

பொறுத்திருந்தால் பயம் தெளிந்து திரும்பி வரும்தான். ஆள்காட்டிக் குருவி விட்டால்தானே! சேற்றில் மேயும் அத்தனை பேருக்கும் என் வருகையைக் கத்தியே சொல்லிவிடும்.

200 அடி ரேடியல் சாலையோரம் நின்றால் மனிதர்களும் கூடுவார்கள். "இன்னா சார், பாடி எதுனா மெதக்குதா?" என்று ஆட்டோவை நிறுத்திக் கேட்டார் ஒருவர். பறவை என்றேன். "அவ்ளோதானா" என்றவரின் முகம் வாடியதைப் பார்க்க எனக்கே பாவமாகிவிட்டது. 2022-ல் ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்த இடம் இது என்று நான் வாயெடுப்பதற்குள் ஆட்டோ கிளம்பிவிட்டது.

காத்திருக்கும் நேரத்தில் வேடிக்கை பார்க்க ஒரு பந்தியே நடக்கும். கொசு உள்ளான் மேல்சேற்றைக் கொத்தும். கருவால் மூக்கன் நீண்ட அலகை அடிவரை இறக்கித் துழாவும். பவளக்காலி தண்ணீருக்குள்ளேயே நடந்து பொறுக்கும். அவரவர் அலகுக்கு ஏற்றபடி பரிமாறியிருப்பதால் பக்கத்து இலையில் யாரும் கைவைப்பதில்லை.

கடைசியில் ஓர் உள்ளான் மனமிரங்கிப் பக்கவாட்டில் நின்றது. இறகு இறகாக எண்ணக்கூடிய படம். பறவைகளை நன்கறிந்த நண்பரிடம் பெருமையாகக் காட்டினேன்.

"கொசு உள்ளானா, டெம்மிங்க் உள்ளானா?"

"எப்படிக் கண்டுபிடிப்பது?"

"காலைப் பார். கொசு உள்ளானுக்குக் கறுப்பு. மற்றதற்கு மஞ்சள்."

பெரிதாக்கிப் பார்த்தேன். "கறுப்பேதான்!"

அவரும் பார்த்தார். "பள்ளிக்கரணைச் சேற்றில் இறங்கினால் உன் காலும் கறுப்புதான்" என்றார்.