நான் இருக்கிறேன் என்று எழுதித் தரவும்

அனுப்புநர்: பதிவாகாத ஒருவன், மூன்றாம் மாடி, ஜெர்மனி.
பெறுநர்: வசிப்பிடப் பதிவு அலுவலர், மாநகர அலுவலகம்.
பொருள்: நான் இங்கே குடியிருப்பதாகச் சான்று கோருதல் – தொடர்பாக.
பார்வை: கூட்டாட்சிப் பதிவுச் சட்டம், பிரிவு 17.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

குடிவந்த இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிய வேண்டும், தவறினால் 1,000 யூரோ வரை அபராதம் என்கிறது தங்கள் சட்டம். பயபக்தியோடு இணையத்தில் தங்கள் முன்பதிவு நாட்காட்டியைத் திறந்தேன். இந்த மாதம் முழுக்கச் சாம்பல் கட்டங்கள். அடுத்த மாதக் கடைசியில் ஒரே ஒரு பச்சைக் கட்டம், காலை 7.12 மணிக்கு. அதை அழுத்துவதற்குள் அதுவும் சாம்பலாகிவிட்டது. கெடு எனக்கு மட்டும்தானா, தங்களுக்கும் உண்டா என்று தெரிவிக்கவும்.

சான்று இல்லாமல் வங்கியில் கணக்குத் தர மறுக்கிறார்கள். கணக்கு இல்லாமல் சம்பளம் எங்கே போய் விழும்? வருமான வரி எண்ணும் பதிந்த பிறகுதான் தபாலில் வருமாம். அது வராமலே போனால் ஆறாம் வரி வகுப்பில் போட்டு அதிக வரி பிடிப்பார்களாம். ஆறாம் வகுப்பை நான் ஊரிலேயே தேறிவிட்டேன் ஐயா.

தபால் என்றதும் இன்னொன்று. பெட்டியில் குடும்பப் பெயர் ஒட்டாவிட்டால் கடிதம் திரும்பிப் போய்விடும் என்றார்கள். எங்களுக்கு ஏது குடும்பப் பெயர்? இனிஷியல்தான். பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டத்தில் அப்பா பெயர் இருப்பதால் அதையே ஒட்டியிருக்கிறேன். கடலூரைத் தாண்டாத மனுஷர் பெயரில் இங்கே பீட்சாக் கடை நோட்டீஸ் வருகிறது. அவரைப் பதிய வேண்டுமென்றும் கேட்டுவிடாதீர்கள்.

நான் இங்கே இருப்பதற்குச் சாட்சி இல்லாமலில்லை. ஞாயிற்றுக்கிழமை காலிக் கண்ணாடிப் பாட்டிலைத் தொட்டியில் போட்டேன். எதிர்வீட்டுப் பாட்டி ஜன்னலைத் திறந்து விரலை ஆட்டினார். ஓய்வு நாளில் சத்தம் கூடாதாம். பதிவு முடிந்தால் ஒலிபரப்புக் கட்டணக் கடிதமும் தேடி வருமாம்: டிவி இல்லாவிட்டாலும் வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ. வசூலுக்கு மட்டும் முன்பதிவு வேண்டியதில்லை போலும்.

2015 நவம்பர் முதல் கட்டாயமான வீட்டுக்காரர் சான்றையும் இணைத்துள்ளேன். ஆகவே, இரண்டு வாரக் கெடு வைத்த தாங்கள் அந்த இரண்டு வாரத்துக்குள் ஐந்து நிமிடம் ஒதுக்கித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். முடியாவிட்டால் அபராதத்தில் பாதியைத் தாங்கள் கட்டிவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள
(உண்மைக்குச் சான்று நிலுவையில்)